மறுநாள் படிக்கட்டு

தாம்பெரேயில் ஜனவரி.
ஒன்பதரை தாண்டித்தான் விடிகிறது,
அதுவும் வேண்டாவெறுப்பாக.
நான் ஆறரைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.
லிஃப்ட் இல்லாத பதினோரு கட்டிடங்கள்,
நான்கு நான்கு மாடி,
கதவுக்குக் கதவு கடிதம் விழுங்க ஒரு வாய்.
பெயர் இர்மெலி. தெருவுக்கு நான் தபால்.

நாற்பத்தோரு வயதில்
நூற்று நாற்பது கிலோவை முதுகில் ஏற்றி
உட்கார்ந்து எழுந்தவள்.
சாட்சிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு.
வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஐம்பத்துமூன்றில் தோள் பேச்செடுத்தது.
முதலில் மரியாதையாக:
பெஞ்சில் படுத்துக் கம்பியை இறக்கும்போது
வலது பக்கம் ஒரு முனகல்.
காதில் விழாததுபோல் இருந்தேன்.
பிறகு ஓர் அக்டோபர் இரவு
உள்ளே யாரோ தீ மூட்டினார்கள்.
மூன்று வாரம் தலைவார முடியவில்லை.
ஹைக்கோலா வீட்டுக் கதவில் மட்டும்
வாய் கொஞ்சம் உயரம்,
நான்காம் மாடி.
இடது கையால் போட்டேன்,
எதையோ திருடுகிறவள்போல.

கம்பியைக் குறை சொல்ல முடியாது.
அது நேராக இருக்கிறது, அவ்வளவுதான்.
தோள் நேர்கோட்டில் செய்யப்பட்ட சாமான் இல்லை.

இரண்டு டம்பெல் எடுத்துத் தரையில் படுத்தேன்.
முழங்கை தொட்டதும்
போதும் என்றது தரை.
இத்தனை வருஷம் இந்த ஒரு சொல்லைச் சொல்ல
ஆளில்லாமல் போயிற்று எனக்கு.
உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி
ஏறின, இறங்கின.
தோள் சும்மா இருந்தது.
சும்மா இருப்பது என்ன சும்மாவா?

பழைய நூற்பாலையின் நிலவறைதான் எங்கள் ஜிம்.
தௌனோவும் என் வயதுதான்,
முட்டிக்கு இறுகச் சுற்றிய பட்டி,
வருமுன் இரண்டு மாத்திரை, போகும்போது ஒன்று.
என்னைப் பார்த்து
"தூங்குகிறாயா?" என்றான்.
அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பேசிய
நீளமான வாக்கியம் அது.

ஒரு கணக்குப் போட்டேன்.
வாரம் மூன்று நாள், இன்னும் முப்பது வருஷம்.
நாலாயிரத்து அறுநூற்று எண்பது முறை.
அத்தனை முறை செய்யக்கூடியது எது?

குதிப்பதை விட்டேன், வருத்தமில்லை.
கம்பியை மோவாய்வரை இழுப்பதைத் தூக்கி எறிந்தேன்.
தொங்குவதற்கு வளையம்,
மணிக்கட்டு எப்பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பும்.
தரையிலிருந்து தூக்குவதை மட்டும் விடமாட்டேன் என்றேன்;
இடுப்பு யோசித்துவிட்டு
அறுகோணக் கம்பி என்றால் சரி என்றது.
வண்டி நிறுத்துமிடத்தின் பனியில்
ஒரு சறுக்குவண்டி, மேலே இரண்டு மணல் மூட்டை.
தள்ளுவேன். இறக்கி வைக்கிற வேலையே கிடையாது.
முழங்கால் ஒரு தடவைகூடப் புகார் எழுதவில்லை.

நோட்டில் கிலோ என்ற பத்தியை அடித்துவிட்டு
மறுநாள் நான்காம் மாடி என்று எழுதினேன்.

*கைப்பிடி வேண்டியிருக்கவில்லை.*
*இடது முட்டி ஒருமுறை கூப்பிட்டது.*
*பாடிக்கொண்டே ஏறினேன். (பொய்.)*

என் பிறந்தநாளன்று நிலவறையில் யாருமில்லை.
பெஞ்ச். அதே கம்பி. அறுபது கிலோ.
ஒரே ஒரு முறை.
வலிக்கவில்லை.
அதுதான் சங்கடம்.
வலித்திருந்தால் தூங்கியிருப்பேன்.

தௌனோ மார்ச்சில் வந்தான்,
கை தூளியில்.
மணல் மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"எத்தனை கிலோ?"
தெரியாது என்றேன். மணல்.
தலையசைத்தான்.
ஒற்றைக் கையோடு குனிந்து
நெஞ்சால் முட்டித் தள்ளத் தொடங்கினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும்தான்.

பிறந்தநாளின் மறுநாளைச் சொல்லாமல் விட்டேனே.
ஐம்பத்தாறு வயதின் முதல் காலை,
இருட்டு, நான்காம் மாடி,
ஹைக்கோலாவுக்கு மின்கட்டணம்.
வலது கையை உயர்த்தினேன், மெதுவாக,
பழைய கடன்காரன் வீட்டு மணியை அடிப்பதுபோல.

காகிதம் உள்ளே விழுந்த சத்தம்.
நாய் ஒன்று குரைத்தது.
இன்னும் பத்துக் கட்டிடம்.